நாற்பத்துமூன்றாம் மாடிவரை

உலகத்திலேயே உயரமான கட்டடத்தை நான் பாதிதான் பார்த்தேன். மேற்பாதியை முகில் மூடியிருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு வயற்காவல் வேலை எனக்கு முழுதாகக் கிடைத்திருக்கும்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பின் நடுவில் எழுந்து போனவன் நான். அப்போது வயது பதினாறு. ஏன் போனேன் என்று அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. மட்டக்களப்புக்கு ரயில் புதிதாக வந்திருந்தது. அது காரணமாக இருக்கலாம். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கரி சுமந்தேன். ஒருநாள் சுமந்த கரியோடு நானும் கப்பலிலேயே தங்கிவிட்டேன். உலைக்குக் கரி அள்ளிக் கொடுக்கிற வேலை. ஐந்து வருஷம் அப்படி ஓடியது. எத்தனையோ ஊர்களுக்குப் போனேன், பார்த்தது மிகக் குறைவு. உலைக்கு முன்னால் எல்லா ஊரும் ஒன்றுதான்.

நியூயோர்க்கில் கப்பல் ஒன்பது நாள் நின்றது. மாசி மாதக் குளிர். எங்களைப் போன்றவர்களை அங்கே கரையில் இறங்க விடுவதில்லை. மூன்றாம் எஞ்சினியருக்குப் பெட்டி தூக்க ஓர் ஆள் வேண்டியிருந்ததால் நான் இறங்கினேன். தெருவில் வெயில் விழவில்லை. இரண்டு பக்கமும் சுவர்கள் எழுந்து நின்றதில் கிணற்றுக்குள் நடப்பதுபோல் இருந்தது. ஒரு மூலையில் எஞ்சினியர் நின்றார். எதிரே இருந்த கட்டடத்தைக் காட்டி, நூற்றிரண்டு மாடி, ஆயிரத்து இருநூற்றைம்பது அடி, உலகத்தில் இதற்கு மேல் இல்லை என்றார். பிறகு பெட்டிக்குக் காவலாக என்னை நிறுத்திவிட்டு ஒரு குடிக்கடைக்குள் போனார். இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை.

வேறு வேலை இல்லாததால் எண்ணினேன். கீழிருந்து யன்னல் வரிசைகளை ஒவ்வொன்றாக. நாற்பத்துமூன்றாவது வரிசைக்கு மேல் முகில். மூன்று தரம் எண்ணினேன். இரண்டு தரம் நாற்பத்துமூன்று வந்தது, ஒரு தரம் நாற்பத்தைந்து. கூடிய வாக்குப் பெற்றதை எடுத்துக்கொண்டேன். முகில் விலகினால் மிச்சத்தையும் எண்ணிவிடலாம் என்று அண்ணாந்தபடி நின்றேன். அது விலகவில்லை. என் சப்பாத்தில் ஓட்டை இருந்தது. கப்பலுக்குத் திரும்பியபோது இடது காலின் சின்னவிரல் வெளுத்திருந்தது. பிறகு கறுத்தது. நடுக்கடலில் பதினோராம் நாள் தானாகக் கழன்றது. சமையற்காரன் உப்பும் மஞ்சளும் வைத்துக் கட்டினான். அந்தக் கட்டடத்தால் எனக்கு நேர்ந்தது அவ்வளவே.

இரண்டாவது பெரிய சண்டைக்கு இரண்டு மூன்று வருஷம் முந்தி ஊர் திரும்பினேன். ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூருக்குக் கிட்ட. தாய் தகப்பன் இல்லை. அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது. ஆண் கட்டியவளின் வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஆகவே அக்கா வீட்டில் மச்சானே விருந்தாளி, நான் விருந்தாளியின் விருந்தாளி. மூன்று மாதத்தில் சோற்றுத் தட்டில் குறைவு தெரிந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது, நெற்பெட்டியின் அடிப்பலகை தெரியத் தொடங்கியிருந்தது. பிறகு நாளுக்கு ஒரு வேளை ஆனது.

"டேய் தம்பி, வட்டையில காவலுக்கு ஆள் தேடுறாங்க. போய்க் கேளன்," என்றாள் அக்கா. "கப்பல் ஓட்டினவனுக்கு எருமை ஓட்ட ஏலாதா?"

நான் கப்பல் ஓட்டியதாக அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். நான் திருத்தவில்லை.

வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாயும் வயல்கள் எல்லாம் சேர்ந்தது. எங்கள் வட்டை சின்னது. வாவியின் உவர்த்தண்ணீர் ஏறாமல் ஓர் அணை மதகடியில் தொடங்கி, வளைவே இல்லாமல் போய், வாவிக்குள் மூக்கை நீட்டி முடியும். வயல்கள் எல்லாம் அந்த அணையோரம். வட்டைக்குப் பொறுப்பானவர் வட்டை விதானையார். விதைப்புக்கு முன் செய்கைக்காரர் எல்லாரையும் மதகடி மருதமரத்தின் கீழ்க் கூட்டி அவர் காவற்காரனை நியமிப்பார்.

அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. காவற்காரன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. இன்னாருடைய வயலில் இன்னாருடைய மாடு இத்தனை இறங்கியது என்று அவன் சொன்னால், மாட்டுக்காரர் அறுவடையில் அத்தனைக்கும் நெல் கொடுக்க வேண்டும். வேறு சாட்சி கேட்கமாட்டார்கள். ஆகவே அதற்கு உடம்புப் பலமோ துவக்கோ தேவையில்லை, வாய் மெய்யாக இருந்தால் போதும். நியமிக்கும்முன் விதானையார், "இவன்ட வாய நம்பாத ஆள் இரிக்கா?" என்று மூன்று முறை கேட்பார். அதுவரைக்கும் யாரும் எழுந்து நின்றதில்லையாம்.

நான் போய் நின்றபோது எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. மேய்ச்சல் தரையை ஒட்டிய வயல் ஒரு போடியாருடையது. பெரிய காணிக்காரர். எருமைக்கு முதல் வாய் அவருடைய நெல்தான் என்பதால் சீக்கிரம் ஆள் போட்டால் போதும் என்று இருந்தார். என்னைப் பார்த்து அன்பாகக் கேட்டார்.

"பரண் பதினெட்டடி மனே. ஏறினா தலை சுத்துமா?"

"இதென்ன உயரம் போடியார். நான் நூத்திரெண்டு மாடி பார்த்தவன்," என்றேன்.

விதானையார் முதல் முறை கேட்டார். யாரும் அசையவில்லை. இரண்டாம் முறை கேட்டார். பட்டிக்காரர் எழுந்தார்.

பட்டிக்காரருக்கு நாற்பது எருமை. அவருடைய பட்டி வட்டையின் தொங்கலில், கடைசி ஓரத்தில், இருந்தது. மெய் சொல்லும் காவற்காரன் அவருக்கு முதலையைவிட மோசம். இத்தனை வருஷம் எழுந்து நிற்க ஒரு காரணம் கிடைக்காமல் இருந்தவர்.

"நான் நம்பல்ல விதானையார்."

"என்னத்த?"

"இவன்ட வாயத்தான். நூத்திரெண்டு மாடியாம். வீட்டுக்கு மேல வீடு, வீட்டுக்கு மேல வீடு எண்டு நூத்திரெண்டு வீடு. டேய், அதக் கட்டின மனிசனுக்கு எத்தனை பொம்புளப் புள்ள?"

எனக்கு உடனே விளங்கவில்லை. மற்ற எல்லாருக்கும் விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் ஒருவன் வீடு கட்டினால் அது மகளுக்கு. இரண்டு மகள் என்றால் இரண்டு வீடு. வீட்டைக் கொண்டு மகளை எண்ணுவது எங்களுக்குப் பழக்கம்.

"நூத்திரெண்டு பொம்புளப் புள்ளயா? அட கடவுளே!" என்றார் ஒரு கிழவர். அவருக்கு ஐந்து.

"ஒரே மனிசிக்கா?"

"அது கிடக்கட்டும். நூத்திரெண்டு மருமகன்மாரும் ஒரே படலையாலயா வாறது? கொலை விழாதா?"

"உச்சி வீடு மூத்தவளுக்கா இளையவளுக்கா?"

இது பெரிய வாதமாகிவிட்டது. மூத்தவளுக்குத்தான் கீழ் வீடு, இளையவள்கள் பிறக்கப் பிறக்க மேலே கட்டியிருப்பான் என்று கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அது வீடு இல்லை, கந்தோர், ஆட்கள் எழுத்து வேலை பார்க்கிற இடம் என்று நான் சொன்னேன். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"ஒரு கந்தோரில ஒரு கடதாசி எடுக்கவே ரெண்டு நாள் வேணும். நூத்திரெண்டு கந்தோருக்கு ஆருக்கு ஆயுசு கிடக்கு?"

காலை நீட்டிக் காட்டினேன். "இந்தா விரல். அதைப் பார்த்துக்கொண்டு நிண்டதாலதான் போன."

பட்டிக்காரர் குனிந்து பார்த்தார். "எருமை மிதிச்ச விரல். என்ட எருமை எண்டு மட்டும் சொல்லிப்போடாத."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், பசி இல்லாதிருந்தால். முதல்நாள் மத்தியானம் சாப்பிட்டது.

போடியார் என் பக்கம் நகர்ந்து, குரலைத் தாழ்த்தி, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "மனே, நூத்திரெண்டு கூடிப்போச்சு. கொஞ்சம் குறைச்சுச் சொல்லன். ஒரு பன்னிரண்டு எண்டு வை. பன்னிரண்டு பொம்புளப் புள்ள பெத்தவன் எங்கட ஊரிலயே இரிக்கான்."

எல்லாரும் திரும்பி அந்த மனிதரைப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தக் கட்டடம் நூற்றிரண்டு மாடியானாலும் பன்னிரண்டு மாடியானாலும் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. "சரி, பன்னிரண்டு," என்றேன். கூட்டத்தில் ஒரு நிம்மதி பரவியது. யாரோ வெற்றிலைத் தட்டத்தை என் பக்கம் தள்ளினார்.

விதானையார் மட்டும் சிரிக்கவில்லை. வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நூத்திரெண்டு கண்டவன் ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டுக்கு வந்திட்டான். நாளைக்கு இவன் பன்னிரண்டு எருமை காணுவான். பட்டிக்காரர் ஒரு சட்டி தயிர் குடுப்பார். மறுகா எத்தனை எருமை?"

"ஒண்டு," என்றார் கிழவர்.

"அதுவும் கண்டுக்குட்டி," என்றார் பக்கத்திலிருந்தவர்.

கூட்டிச் சொன்னால் பொய்யன், குறைத்துச் சொன்னால் விலைபோகிறவன். எந்த எண்ணைச் சொல்லி அந்த நெல்லை வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் வந்தது.

"நூத்திரெண்டுதான். ஆயிரத்து இருநூத்தைம்பது அடி. வேணுமெண்டா அளந்து பாருங்க!"

மற்ற ஊர்களில் இது வாய்க்கு வந்ததைச் சொல்வது. எங்கள் வட்டையில் அளவைப் பற்றி யாரும் சும்மா பேசுவதில்லை. விதானையார் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். "அளப்பம்," என்றார்.

அணையைத் திருத்தும் வேலையை ஆளுக்கு ஆள் பங்கு பிரிக்க அவரிடம் நூறடிக் கயிறு ஒன்று இருந்தது. கட்டடம் பன்னிரண்டரைக் கயிறு. மதகுக் கல்லைத் தரை என்று வைத்துக்கொண்டு அணைமேல் அளக்கத் தொடங்கினார்கள். ஒருவர் கயிற்றின் தலையைப் பிடிக்க, ஒருவர் காலைப் பிடிக்க, விதானையார் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு கிளிசிரியாக் குச்சியைக் குத்தினார். கூட்டம் முழுதும் பின்னால் வந்தது. கிழவர் மட்டும் முழங்கால் வருத்தத்தால் மருதமரத்தடியிலேயே இருந்துவிட்டார்.

"இப்ப எத்தனையாம் மாடி?" என்று நடக்க நடக்கக் கேட்டார்கள். நான் குத்துமதிப்பாகச் சொன்னேன். ஒருவர் முப்பதாம் மாடியில் குந்தி முள் எடுத்தார். எழுபதாம் மாடியில் பட்டிக்காரரின் எருமை ஒன்று அணைக்குக் குறுக்கே படுத்திருந்தது. அதை எழுப்பக் கொஞ்ச நேரம் பிடித்தது. "கட்டடத்துக்குள்ள எருமை கட்டக் குடுத்தது ஆரு?" என்று போடியார் கேட்க, பட்டிக்காரர் எருமையின் வாலைத் திருகினார்.

பன்னிரண்டாம் கயிற்றோடு அணை முடிந்தது. இன்னும் அரைக் கயிறு மிச்சம். முன்னால் வாவி. காத்தான்குடியிலிருந்து புடைவை கொண்டுவரும் வியாபாரி ஒருவர் அந்த நேரம் பார்த்துத் தோணியைக் கரையில் முட்டினார்.

"காக்கா, இந்தக் கயித்து நுனியப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சம் ஆத்துக்குள்ள போங்க," என்றார் விதானையார். எங்கள் ஆட்களுக்கு வாவி ஆறுதான், முஸ்லிம் அண்ணன்மார் காக்காதான்.

வாங்குகிறவர்களின் விதவிதமான கேள்விகளுக்குப் பழகிய மனிதர் அவர். ஒன்றும் கேளாமல் கயிற்றை வாங்கிக்கொண்டு தோணியைப் பின்னால் ஊன்றிப் போனார். கயிறு இழுபட்டதும் நின்று கேட்டார்.

"என்ன போடியார், காணி வழக்கா?"

"கட்டடம் காக்கா."

"கட்டடமா? எங்க?"

"நீங்க நிக்கிறதுதான் உச்சி. கீழ நூத்திரெண்டு மாடி."

வியாபாரி தண்ணீரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "யா அல்லாஹ்! இத முதல்லயே சொல்லப்படாதா? எனக்குத் தலைச்சுத்து வருத்தம் இரிக்கே," என்று தோணிக்குள் குந்திவிட்டார். கயிற்றை விடவில்லை.

பிறகு எல்லாரும் திரும்பி மதகைப் பார்த்தார்கள். மருதமரம் தெரிந்தது. மரத்தடியில் கிழவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் பட்டிக்காரர். நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அவர் முகத்தில் இருந்தது வருத்தம். "இதுக்கா இவ்வளவு கதை? என்ட கிழட்டு எருமை விடியக்குள்ள இதப்போல இருவது தரம் நடக்கும்."

போடியார் கையைக் குவித்து மரத்தை நோக்கி, "ஓய்!" என்றார்.

"ஓய்!" என்றார் கிழவர் அங்கிருந்து.

உலகத்திலேயே உயரமான கட்டடம் ஒரு ஓயில் முடிந்துவிட்டது. போடியார் என்னைக் கோபமாகப் பார்த்தார். "கூப்பிட்டாக் கேக்கிற தூரம் மனே! இத ஏதோ பெரிய புதினம்போலச் சொன்னியே."

"நிமித்திப் பாருங்க போடியார்," என்றேன். "படுத்துக் கிடக்கிறபடியா உங்களுக்கு அப்பிடித் தெரியுது."

அவர் யோசித்தார். அணையைப் பார்த்தார், அணையோரம் போகும் தன் வயலைப் பார்த்தார். முகம் தெளிந்தது. மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்: "படுக்க வைச்சா எவ்வளவு வயல் போகும்? அதுதான் நிமித்தி வைச்சிரிக்கான். கெட்டிக்காரன்."

அதோடு முடிந்தது. எல்லாருக்கும் கட்டடத்தில் முழு நம்பிக்கை வந்துவிட்டது. நூற்றிரண்டு பெண்பிள்ளைகளையும் நம்பினார்கள். கந்தோர் என்று நான் சொன்னதை மட்டும் நம்பவில்லை. பட்டிக்காரர்கூட, "நம்புறன்," என்று மெல்லச் சொன்னார்.

விதானையார் கடைசிக் குச்சியைக் கரையில் குத்திவிட்டு என்னிடம் வந்தார்.

"இதுல உன்ட கண்ணால எத்தனை மாடியக் கண்டாய்?"

இதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. எல்லாம் கண்டேன் என்றால் தீர்ந்தது. வேலை கிடைத்துவிடும், அறுவடையில் நெல் கிடைக்கும், அக்காவின் பெட்டி நிறையும். ஆனால் கட்டடம் அப்போது எங்கள் காலடியில், குச்சி குத்தி, நீட்டிக் கிடந்தது. முகில் எந்த இடத்தில் தொடங்கியது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியும்போல் இருந்தது.

"நாப்பத்திமூண்டு," என்றேன். "அதுக்கு மேல முகில்."

"மிச்சம்?"

"எஞ்சினியர் சொன்ன."

"எப்பிடி ஆள்?"

"குடிப்பார். ஆனா குடிச்சாலும் கொதிகலன் முள்ளப் பிழையா வாசிச்சதில்ல."

"அரைவாசிக்கு மேல காணாத ஆள்!" என்று பட்டிக்காரர் உயிர்பெற்றுக் குதித்தார்.

விதானையார் அவரைப் பார்க்கவில்லை. வியாபாரியைக் கரைக்குக் கூப்பிட்டு, நூற்றிரண்டு மாடி பன்னிரண்டரைக் கயிறு என்றால் நாற்பத்துமூன்று மாடி எவ்வளவு என்று கேட்டார். புடைவை அளக்கிறவர் அல்லவா, கண்ணை மூடித் திறப்பதற்குள் சொன்னார்: "மாடிக்கு எட்டு முழம். முந்நூத்தி நாப்பத்திநாலு முழம். மிச்சச் சொச்சம் கூரைக்குப் போகட்டும்." கயிற்றில் அவருக்கு நம்பிக்கையில்லை. மதகுக்கு நடந்து போய், அங்கிருந்து குனிந்தபடி தன் கையாலேயே அணையை முழம் போட்டு வந்தார். இருநூறாவது முழத்தில் பட்டிக்காரர் சாரத்துணி எப்படி என்று கேட்டதால் எண்ணிக்கை தவறி, திரும்பவும் மதகிலிருந்து தொடங்கினார். முடிந்த இடத்தில் விதானையார் குச்சி குத்தவில்லை. ஆளுயரக் கம்பு ஒன்றை நட்டார்.

"மதகிலயிருந்து இந்தக் கம்பு மட்டும் நீ காவல். அதுக்கு நீ கண்ட சாட்சி. கம்புக்கு அங்கால நீ காணாதது. அங்க வேற ஆள். கம்பு மட்டுக்கும்தான் உனக்கு நெல். கம்புக்கு அங்கால வாய் திறந்தா அதுவும் இல்ல."

அங்கால் உள்ள ஐம்பத்தொன்பது மாடிக்கும் பட்டிக்காரரின் மருமகன் நியமிக்கப்பட்டான். அவன் உயரமான எதையும் பார்த்தவனல்ல. அதனால் அவன் வாயை நம்பாமல் இருக்க யாருக்கும் ஒரு காரணம் அகப்படவில்லை.

விதைத்தார்கள். முளைத்தது. என் பரண் இருபதாம் மாடியளவில் இருந்தது. மருமகனுடைய பரண் தொண்ணூறில், வாவிக் காற்றுக்கு நல்ல இடம். எருமைகளுக்குக் கம்பு எங்கே நிற்கிறது என்பது மனிதரைவிட நன்றாக விளங்கியது. கம்புக்கு இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை. தினமும் அந்தப் பக்கமே போய் வந்தன. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வேலையில் பிழை சொல்ல இடமில்லை.

தை மாதம் நெல் பால் பிடித்திருந்தது. ஒரு காலை, வெயில் ஏறி வரும்போது, பதினொரு எருமை அறுபதாம் மாடியில் போடியாரின் வயலுக்குள் இறங்கின. மருமகனுடைய பரணில் கால் மட்டும் தொங்கியது. நான் எண்ணினேன். மூன்று தரம் எண்ணினேன். இந்தத் தடவை மூன்றும் பதினொன்று. வேண்டுமானால் அதோடு விட்டிருக்கலாம்.

மருதமரத்தடியில் கூட்டம். போடியார் மிதிபட்ட கதிர்களை ஒரு கடகத்தில் அள்ளி வந்திருந்தார். விதானையார் மருமகனைக் கேட்டார்.

"அண்டைக்கு முகில்," என்றான் அவன். "ஒண்டும் தெரியல்ல."

முகிலை அவன் என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டான். விதானையார் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நீ?"

"கண்டன். ஆனா அது அறுவதாம் மாடி."

"கம்புக்கு அங்கால!" என்றார் பட்டிக்காரர்.

இருபதாம் மாடியில் இருக்கிறவனுக்கு அறுபதாம் மாடி தெரியுமா என்று கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. கப்பலிலிருந்து இறங்கிக் கட்டடம் பார்த்த நாளிலேயே இவனுக்கு மேலே ஒன்றும் தெரியவில்லையே என்றது ஒரு கட்சி. நெல்லுக்குத் துணி மாற்ற வந்திருந்த புடைவை வியாபாரியும் அங்கே இருந்தார். கட்டடத்தின் உச்சிக்குப் போய் வந்தவர் என்று இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு மதிப்பு இருந்தது.

"முகில் இரிந்தா ஏலா. முகில் இல்லாட்டி உச்சி மட்டும் தெரியும்," என்றார் அவர். "அண்டைக்கு நான் ஆத்துல வந்தனான். வெயில் கண்ணக் குத்தின."

மருமகன் மரத்தின் பின்னால் போய் நின்றான். பட்டிக்காரர் என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி," என்றார். அப்படி என்னை அழைத்தது அதுதான் முதல் தடவை. "எத்தனை கண்டாய்?"

"பதினொண்டு."

"பதினொண்டு கூடிப்போச்சு. ஒரு நாலு எண்டு வை. நாலுதான் திண்ட. மத்தது சும்மா நிண்ட. நாலெண்டா நான் ஓமெண்டு போயிருவன். பதினொண்டெண்டா, கம்புக்கு அங்கால கதைச்சவனுக்கு ஒரு மணி நெல்லும் குடுக்கக்கூடாதெண்டு கேப்பன். நாலு மாசமாப் பரணில கிடந்தாய். யோசி."

விதானையார் வெற்றிலை மெல்வதை நிறுத்தியிருந்தார். போடியார்கூட நாலுக்குச் சம்மதம் என்பதுபோல் கண்ணைக் காட்டினார், ஒன்றுமில்லாததற்கு நாலு நல்லது. எனக்கும் நாலு நல்லதாகத்தான் பட்டது.

"பதினொண்டு," என்றேன். "பதினொண்டும் திண்ட. ஒண்டுக்கு இடக்கொம்பு முறிஞ்சிரிக்கு."

எழுபதாம் மாடியில் அணைக்குக் குறுக்கே படுத்திருந்த அதே எருமை. எல்லாருக்கும் அதைத் தெரியும். பட்டிக்காரர் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, சொன்னபடியே கேட்டார்: கம்புக்கு அங்கால் கதைத்தவனுக்கு நெல் கொடுக்கக்கூடாது.

விதானையார் கொஞ்சம் யோசித்துத் தீர்ப்பைச் சொன்னார். பதினொரு எருமைக்கும் பட்டிக்காரர் நெல் கொடுக்க வேண்டும். கம்பைத் தாண்டிக் கதைத்ததற்கு எனக்கு மூன்று மாடி நெல் குறைக்கப்படும். மற்ற நாற்பது மாடிக்கும் தரப்படும். அடுத்த விதைப்பில் கம்பு தேவையில்லை, உச்சிவரை நானே காவல்.

அடுத்த விதைப்புக்கு நான் அங்கே இல்லை. கதிரவெளிப் பக்கம் வலை இழுக்கப் போய்விட்டேன். ஏன் போனேன் என்று கேட்டால் பழைய பதில்தான்.

ஆனால் நெல் அடிக்கும் களவெட்டியிலிருந்து நாற்பது மாடி நெல்லையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து அக்காவின் பெட்டியில் கொட்டினேன். அடிப்பலகை மறைந்தது. அன்றைக்கு அவள் போட்ட சோற்றை ஒரே தடவையில் என்னால் முடிக்க முடியவில்லை. எதிரே குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தவள், நெடுநாளாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"ஏன்டா, அந்த நூத்திரெண்டு வீட்டுக்கும் ஆர் தண்ணி தூக்குற?"

"ஒருத்தரும் தூக்கிற இல்ல அக்கா. குழாயில தானா ஏறும்."

"நீ கண்டயா?"

சோற்றைப் பிசைந்தபடி யோசித்துப் பார்த்தேன். நான் தெருவில் நின்றவன்.

"காணல்ல," என்றேன்.

"அப்ப அவளுகதான் தூக்குறாளுகள்," என்று சொல்லிவிட்டு, அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.